‘ஆட்டிட்யூட்’ என்றால் திமிர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தாள் கைமாறிக்கொண்டே இருக்கும். தலைப்பு ‘டோன் வேர்ட்ஸ்’. எழுதுகிறவரின் தொனியையும் மனப்பாங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இடப்பக்கம் நூற்றுக்கணக்கில் இருக்கும். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘ஆங்ரி’ கோபமான. ‘இண்டிக்னன்ட்’ கோபமான. ‘ரிசென்ட்ஃபுல்’ கோபமான. ‘எக்ஸாஸ்பரேட்டட்’ அதுவும் கோபமான. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். இந்த நான்கும் ஒரே கேள்விக்கு நான்கு விடைகளாக வந்து நின்றால், எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்த ஒன்றைக் குறித்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தாளை நம்பும் பிள்ளைகளுக்கும், காசு கொடுத்து வாங்கித் தரும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இந்தக் கடிதம். இந்தச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக, தமிழ் வழியாகக் கற்றால் முப்பது போதும்.

முதலில் வழியில் கிடக்கும் ஒரு கல்லை நகர்த்த வேண்டும். உணர்ச்சியைச் சொல்ல நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பல, தமிழுக்குள் வந்து வேறு பொருள் எடுத்துக்கொண்டவை. தமிழில் அவை சரிதான். ஆங்கில வினாத்தாளில் அதே பொருளோடு படித்தால் விடை தடம் மாறிவிடும்.

“அவன் ரொம்ப ஆட்டிட்யூட் காட்டுறான்” என்றால் நம் ஊரில் திமிர் என்று அர்த்தம். வினாத்தாளில் ஆசிரியரின் ‘ஆட்டிட்யூட்’ என்ன என்று கேட்டால், அவர் அந்தப் பொருளை எப்படிப் பார்க்கிறார், ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா, ஐயப்படுகிறாரா என்பது கேள்வி. இது தெரியாத பிள்ளை ‘ப்ரவுட்’, ‘அரகன்ட்’ என்று எழுதிவிடுகிறது. இந்தத் தவறு அடிக்கடி வருகிறது. ஒருமுறை விளக்கினால் பிறகு வருவதில்லை.

“அம்மா ரொம்ப ஃபீல் பண்ணாங்க” என்றால் வருத்தப்பட்டார்கள் என்று நமக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ வெறும் பாத்திரம்; உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ‘ஹர்ட்’ என்றால் மனம் புண்பட்டது, ‘லெட் டவுன்’ என்றால் நம்பியவர் கைவிட்டது, ‘கில்ட்டி’ என்றால் தன் மேலேயே குற்ற உணர்வு. எதுவும் சேர்க்காமல் ‘ஷி ஃபெல்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. “சார் டென்ஷன் ஆயிட்டார்” என்று நாம் சொல்வது கோபத்தை. ஆங்கிலத்தில் ‘டென்ஸ்’ என்பது அடுத்து என்ன ஆகுமோ என்ற இறுக்கம். “வெள்ளிக்கிழமை கடன் கொடுக்கிறதில்ல, செண்டிமென்ட்” என்பதில் அந்தச் சொல் சகுன நம்பிக்கையாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘செண்டிமென்ட்’ என்றால் ஒருவரின் உணர்வு அல்லது கருத்து. ‘செண்டிமென்டல்’ என்று தொனியைச் சொன்னால், தேவைக்கு மீறி உருகுகிறார் என்ற குறை பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘சீரியஸ்’, ‘கிரிட்டிகல்’ இரண்டும் நமக்கு ஆஸ்பத்திரிச் சொற்கள். பத்தியில் ‘கிரிட்டிகல்’ வந்தால் குறைகாணும் பார்வை, அல்லது நிறைகுறை இரண்டையும் சீர்தூக்கும் பார்வை. எது என்பதைச் சுற்றியுள்ள வரி சொல்லும்.

‘பதெடிக்’ இன்னும் மோசம். ‘சிம்பதெடிக்’ போலவே ஒலிப்பதால், இரக்கம் என்று நினைத்து நல்ல கவிதைக்கு ‘பதெடிக் டோன்’ என்று எழுதுகிறார்கள். பரிதாபத்தைத் தூண்டுவது என்ற பழைய பொருள் அதற்கு உண்டுதான். இன்றைய பேச்சில் அது ‘படு கேவலம்’ என்கிற இடத்துக்கு இறங்கிவிட்டது. பிறர் துயரத்துக்கு இரங்குவது ‘சிம்பதெடிக்’. அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது ‘எம்பதெடிக்’. விடைத்தாளில் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் நல்லது.

அடுத்து ‘டோன்’, ‘மூட்’ குழப்பம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் ஒரு கூற்றின் பொருளை நான்காகப் பிரித்தார்: சொல்லும் செய்தி, அந்தச் செய்தியின் மேல் சொல்பவருக்குள்ள உணர்வு, கேட்பவரிடம் அவர் காட்டும் பாங்கு, அவருடைய நோக்கம். ‘டோன்’ என்ற பெயரை அவர் வைத்தது மூன்றாவதற்கு. இன்றைய வினாத்தாள்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே ‘டோன்’ என்று கேட்கின்றன. ஆனால் ‘மூட்’ தனி. அது படிக்கிறவர் மனதில் படரும் சூழல். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடும்போது, வினாடிக்கு இத்தனை கனஅடி, பரிசல் இயக்கவும் ஆற்றில் குளிக்கவும் தடை என்று அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பின் ‘டோன்’ உணர்ச்சி கலக்காத ‘மேட்டர் ஆஃப் ஃபேக்ட்’. கரையோரம் வீடு இருப்பவருக்கு அதைக் கேட்டதும் வருகிற ‘மூட்’ அச்சம். ஒரே அறிவிப்புதான், சொன்னவர் பக்கம் ஒன்று, கேட்டவர் பக்கம் இன்னொன்று.

தமிழ் எப்படி உதவும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மொழியில் தொனி பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வந்தார், வந்தாராம், வந்தாரே, வந்துவிட்டார், வந்து தொலைத்தார், வந்து சேர்ந்தார். வந்தது ஒரே ஆள். ‘ஆம்’ என்ற வால் அதற்கு நான் பொறுப்பில்லை என்கிறது. ‘தொலை’ என்ற துணைவினை எரிச்சலைக் கொட்டுகிறது. ‘வந்து சேர்ந்தார்’ என்பதைச் சொல்லும் விதத்தில் நிம்மதியும் வரும், அலுப்பும் வரும். ஆங்கில வினைக்கு இந்த வால் கிடையாது. அதனால் அது தொனியை வேறு இடங்களில் வைக்கிறது: வினையைத் தேர்ந்தெடுப்பதில், அடைமொழியில், ‘ஈவன்’, ‘ஒன்லி’, ‘அட் லாஸ்ட்’, ‘சோ கால்ட்’ போன்ற சின்னச் சொற்களில். “வந்து தொலைஞ்சான்” என்பதை ‘ஹி கேம்’ என்று எழுதும் பிள்ளை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எரிச்சலை வீட்டிலேயே விட்டுவிடுகிறது.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாங்கூழ் ஆலை தோத்தாபுரி மாங்காய்க்குக் கட்டுபடியாகும் விலை தருகிறது என்று நிர்வாகம் சொன்னதாக ஒரு ஆங்கிலச் செய்தி. சொன்னது என்பதற்கு ‘செட்’ போட்டால் நிருபர் எந்தப் பக்கமும் சாயவில்லை. ‘க்ளெய்ம்ட்’ போட்டால், அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், உறுதி இல்லை. ‘இன்சிஸ்டட்’ போட்டால், யாரோ மறுத்திருக்கிறார்கள், இவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ‘போஸ்டட்’ போட்டால் பீற்றிக்கொள்கிறார்கள். விலை கட்டுபடியாகவில்லை என்று நிர்வாகமே சொல்லியிருந்தால் ‘அட்மிட்டட்’ வரும். இத்தனை நாள் மறைத்ததை இப்போது ஒப்புக்கொண்டார்கள் என்ற வாடை அதில் அடிக்கும். ஒரே ஒரு வினைதான் மாறுகிறது. சொன்னார், சொல்லிக்கொண்டார், அடித்துச் சொன்னார், பீற்றிக்கொண்டார், ஒப்புக்கொண்டார் என்ற வேறுபாட்டை நம் பிள்ளைகள் பேச்சிலேயே கற்றுவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லை இந்த வரிசைக்கு எதிரே வைத்தால் போதும், இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

இனிக் குடும்பங்கள். முதல் குடும்பம் கோபம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. மூன்று மொழியிலும் கோபத்துக்கு ஏறக்குறைய ஒரே சொல்தான் என்பதால், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ‘ஆங்ரி’யிலேயே போய் நிற்கிறது. இங்கே அளவு ஒன்று, காரணம் ஒன்று என இரண்டு கோல் வேண்டும். அளவில் பார்த்தால் ‘அனாய்ட்’ சின்ன எரிச்சல், ‘ஆங்ரி’ கோபம், ‘ஃபியூரியஸ்’ கொதிப்பு. காரணத்தில் பார்த்தால் கதையே வேறு. நியாயம் தவறியதைக் கண்டு வருவது ‘இண்டிக்னன்ட்’. லத்தீனில் தகாதது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் இதற்கு அறச்சீற்றம் என்ற அழகான சொல் இருக்கும்போது ‘கோபமான’ என்று ஏன் அச்சடிக்கிறார்கள் என்பது விளங்கவில்லை. பாண்டியன் அவையில் “தேரா மன்னா” என்று கண்ணகி தொடங்குவது ‘இண்டிக்னன்ட்’. தனக்குச் சேர வேண்டியது பிறருக்குப் போனதை மனதில் வைத்துப் புகைந்துகொண்டே இருப்பது ‘ரிசென்ட்ஃபுல்’; பங்காளிச் சண்டையில் பத்து வருடம் பேசாமல் இருக்கிறார்களே, அது. சொல்லிச் சொல்லி வாய் வலித்து, “இன்னும் எத்தனை தடவை கண்ணு சொல்றது” என்று வருவது ‘எக்ஸாஸ்பரேட்டட்’.

துயரக் குடும்பத்திலும் ‘சேட்’ என்ற சொல்லை விடைத்தாளில் எழுதவே கூடாது என்பது எங்கள் விதி. காரணம் சட்டென்று சொல்ல முடியாத, மெல்லிய, நீடித்த துயரம் ‘மெலன்கலி’. நடந்தது நடந்தது, இனி என்ன செய்ய என்று ஏற்றுக்கொள்வது ‘ரிசைன்ட்’. இது வேலையை விடுவதல்ல, மனம் போராட்டத்தை விடுவது. கிடைக்காததை நினைத்து வரும் மெல்லிய ஏக்கம் ‘விஸ்ட்ஃபுல்’. கழிந்த நாள்களை நினைத்து வருவது ‘நாஸ்டால்ஜிக்’; வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோய்க்குப் பெயராக உண்டாக்கியது. அதில் இன்பமும் வலியும் சேர்ந்தே இருக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் தோரு தத்தின் கேசுவரினா மரக் கவிதைக்கு இந்தச் சொல் பொருந்துவதும் அதனால்தான். மரத்தின் அழகும் உண்டு, அதன் நிழலில் கூடி விளையாடி இறந்துபோன உடன்பிறந்தாரின் நினைவும் உண்டு. வெறும் ‘சேட்’ என்று எழுதினால் பாதிக் கவிதை போய்விடுகிறது.

ஐந்தாவது சொல்லுக்கு நம் மாவட்டங்களை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இறந்தவரை நினைத்துப் பாடும் தொனி ‘எலிஜியாக்’. தமிழில் கையறுநிலை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றின் 235ஆம் பாட்டு. “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே” என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். வரிக்கு வரி வரும் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்கு இங்கே பொருள் கழிவு. அது போய்விட்டது, இனி இல்லை என்பது. அழுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஓர் இடைச்சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தொனி எங்கே ஒளிந்திருக்கும் என்று காட்ட வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிள்ளைகள் மிக அதிகம் தடுமாறும் ‘ஐரானிக்’, ‘சர்காஸ்டிக்’ இரண்டுக்கும் தகடூரே விடை வைத்திருக்கிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாரிடம் அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பாடியது புறநானூறு 95. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிக்க பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. சொல்லுக்குச் சொல் பார்த்தால் புகழ்ச்சி தொண்டைமானுக்கு. பொருளைப் பார்த்தால், நீ போருக்கே போனதில்லை. இகழும் சொல் ஒன்றுகூடப் பாட்டில் கிடையாது. தமிழ் வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி என்று படிப்பது ஆங்கில வகுப்பின் ‘ஐரனி’ குடும்பத்தைச் சேர்ந்தது. குறள் 1073, “தேவர் அனையர் கயவர்” என்பதும் அப்படியே.

அதே ‘ஐரனி’ ஒரு ஆளைக் குறிவைத்து, புண்படுத்த வேண்டும் என்றே வந்தால் ‘சர்காஸம்’. மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு “பெருசா படிச்சுக் கிழிச்சிட்ட” என்பது சுத்தமான ‘சர்காஸம்’. அந்த ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேருக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள். தமிழும் அதே ‘கிழி’யை எடுத்திருப்பதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிறகு மறப்பதில்லை. தனி ஆளை விட்டுவிட்டு ஒரு சமூகத்தின் குறையைக் காட்ட ஒரு முழுப் படைப்பே இப்படி எழுதப்பட்டால் அது ‘சடயர்’; தொனி ‘சடயரிகல்’. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக ஒன்று நடந்தால், உதாரணமாகத் தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால், அது நிகழ்ச்சியில் உள்ள ‘ஐரனி’. அங்கே பேசுகிறவருக்குத் தொனியே கிடையாது. இந்த வேறுபாட்டை ஜெராக்ஸ் தாள் தொடுவதே இல்லை.

பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு ஜோடி ‘ஸ்கெப்டிகல்’, ‘சினிகல்’. “அப்படியா? காட்டு, பார்ப்போம்” என்பவர் ‘ஸ்கெப்டிகல்’, ஆதாரம் வந்தால் நம்புவார். “எல்லாம் காசுக்குத்தாங்க” என்பவர் ‘சினிகல்’. எந்த ஆதாரத்துக்கும் அசையமாட்டார்.

மேலிருந்து பார்க்கும் தொனிக்கு ‘கண்டசென்டிங்’, ‘பேட்ரனைசிங்’. இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. பள்ளி அளவில் அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. “உனக்கு இதெல்லாம் எங்க கண்ணு புரியப்போகுது” என்பதில் உள்ள ‘கண்ணு’வைக் கவனிக்கச் சொல்லுங்கள். அன்பான சொல்தான், ஆனால் அங்கே அன்புக்காக வரவில்லை. வெளிப்படையான இளக்காரம் என்றால் ‘கன்டெம்ப்சுவஸ்’. காது கொடுக்கவே மறுத்து ஒரு கையசைப்பில் தள்ளிவிடுவது ‘டிஸ்மிஸிவ்’.

எந்தப் பக்கமும் சாயாத சொற்களில்தான் போட்டித் தேர்வுகள் வலை விரிக்கின்றன. தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கி உண்மையை மட்டும் சொல்வது ‘ஆப்ஜெக்டிவ்’. உணர்ச்சியில் சிக்காமல் விலகி நின்று பார்ப்பது ‘டிடாச்ட்’. எப்படிப் போனாலும் கவலையில்லை என்பது ‘இண்டிஃபரன்ட்’. இருவேறு உணர்வு ஒரே நேரத்தில் இழுப்பது ‘ஆம்பிவலன்ட்’. இது சாயாமை மாதிரி தெரியும், ஆனால் இரண்டு பக்கமும் சாய்வது. ‘டிஸ்இண்டரஸ்டட்’ என்றால் தனக்கு லாப நட்டம் இல்லாதவர். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர் ‘டிஸ்இண்டரஸ்டட்’ ஆக இருக்க வேண்டும். ‘அன்இண்டரஸ்டட்’ ஆக, அதாவது கொட்டாவி விட்டுக்கொண்டு, இருக்கக் கூடாது.

மகிழ்ச்சி, மதிப்புக் குடும்பத்தில் குழப்பம் குறைவு. ‘அட்மைரிங்’, ‘ரெவரென்ட்’, ‘ஏர்னஸ்ட்’, ‘ஹோப்ஃபுல்’, ‘அஃபெக்ஷனேட்’ ஐந்தும் போதும். ‘ஏர்னஸ்ட்’ மட்டும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்காது. விளையாட்டோ வேஷமோ இல்லாமல் மனமாரச் சொல்வது என்று விளக்கமாகவே எழுதிக்கொள்ளலாம்.

அகராதி பற்றி ஒரு வார்த்தை. கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பொருளைத் தரும், சாய்வைத் தராது. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதிகளில் சில சொற்களுக்குப் பக்கத்தில் ‘டிஸ்அப்ரூவிங்’, ‘அப்ரூவிங்’, ‘ஃபார்மல்’ என்று சிறு குறிப்பு இருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் குறிப்புதான். ‘சைல்ட்லைக்’ குழந்தையின் களங்கமின்மை, ‘சைல்டிஷ்’ சிறுபிள்ளைத்தனம். ‘த்ரிஃப்ட்டி’ சிக்கனம், ‘ஸ்டிஞ்சி’ கஞ்சத்தனம். இரண்டு அகராதிகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கைப்பேசி உள்ள வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வறையில் செய்ய வேண்டியது இது. பத்தியை ஒருமுறை படிக்கும்போதே பென்சிலால், மதிப்பீடு சொல்லும் சொற்களை மட்டும் கோடிட வேண்டும்: அடைமொழிகள், வினையடைகள், ‘க்ளெய்ம்ட்’ மாதிரி வினைகள். ஐந்தாறு தேறும். அவற்றைப் பார்த்து ஓரத்தில் கூட்டல், கழித்தல், பூஜ்யம் மூன்றில் ஒன்று போட வேண்டும். பிறகு அளவு: ஒன்றா, இரண்டா, மூன்றா. பிறகு திசை: கோபமோ கேலியோ யார் மேல். இந்த மூன்றும் ஓரத்தில் விழுந்த பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும். முதலிலேயே பார்த்தால், தெரிந்த சொல் எதுவோ அதன் பக்கம் கண் போய்விடும். கழித்தல் ஒன்று என்று எழுதியிருந்தால் ‘ஃபியூரியஸ்’ தானாகவே வெளியே போகிறது. உச்ச அளவுச் சொல் விடையாக வேண்டுமானால் பத்தியிலும் உச்ச அளவுச் சொல் இருக்க வேண்டும். பழகிவிட்டால் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் அரை மதிப்பெண் கழிகிறது. ஊகத்தில் குறிப்பதற்கு அங்கே விலை உண்டு.

‘பட்’, ‘யெட்’, ‘ஹவெவர்’ வரும் இடத்தில் பென்சிலை நிறுத்த வேண்டும். தொனி பெரும்பாலும் அங்கேதான் திரும்புகிறது. எட்வின் மியூரின் கோட்டைக் கவிதையைப் பிளஸ் டூவில் படிக்கிறார்கள். மதில் மேல் நின்று, வயலில் வேலை செய்பவர்களை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு, எதிரி உள்ளே நுழையவே முடியாது என்று இருக்கிறார்கள் காவல் வீரர்கள். அந்தத் தொனி ‘கம்ப்ளேசன்ட்’, அதாவது ஆபத்தை உணராத மெத்தனம். கோட்டை காசுக்கு விற்கப்பட்டபின் அதே குரல் ‘அஷேம்ட்’ ஆகிவிடுகிறது. தொடக்கத்தை மட்டும் படித்து ‘கான்ஃபிடன்ட்’ என்று எழுதினால் அரை விடை. தொனி எங்கிருந்து எங்கே போகிறது என்று இரண்டு சொல்லாகவும், திரும்பிய வரியைச் சான்றாகவும் எழுதினால் முழு விடை. சான்று வரி இல்லாத தொனிச் சொல் வெறும் அபிப்பிராயம். அதற்கு மதிப்பெண்ணை எதிர்பார்க்கக் கூடாது. ‘குட்’, ‘பேட்’, ‘எமோஷனல்’, ‘ஃபீலிங்’ என்ற நான்கும் எந்தக் கேள்விக்கும் விடையாகாது. ‘எமோஷனல்’ என்றால் எந்த எமோஷன் என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது.

பள்ளியோடு முடிவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கத் தேவையில்லை. நம் பிள்ளைகளில் பலர் ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூரு அலுவலகங்களுக்கும் போகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறார்கள். அங்கே தொனி தவறினால் மதிப்பெண் போகாது, உறவு கெடும். நாம் கேள்வி கேட்க வேண்டும் என்றால் “ஒரு டவுட்” என்கிறோம். ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிராயிங்’ என்று எழுதினால், உங்கள் வரைபடத்தின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று மறுமுனையில் படிக்க இடம் உண்டு. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் பிரச்சினையே இல்லை. “நீங்கள் அனுப்ப வேண்டும்” என்பது தமிழில் மரியாதையான வேண்டுகோள், ஏனென்றால் ‘நீங்கள்’ மரியாதையைச் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தின் ‘யூ’ அதைச் சுமக்காது. அதனால் ‘யூ ஷுட் செண்ட்’ கட்டளையாகிவிடுகிறது. ‘குட் யூ ப்ளீஸ் செண்ட்’ என்றால் தமிழில் இருந்த மரியாதை திரும்ப வந்துவிடும். ‘ஆஸ் ஐ ஆல்ரெடி டோல்ட் யூ’ என்ற தொடர், எழுதுபவர் அப்படி நினைக்காவிட்டாலும் ‘எக்ஸாஸ்பரேட்டட்’ ஆக ஒலிக்கும். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் காது இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் ஒத்த பொருள் சொற்களின் பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில், வாரம் ஒரு முறை எண்பது சொல் அளவில் ஒரு தமிழ்ப் பத்தியும், அதே அளவில் ஓர் ஆங்கிலப் பத்தியும் போடுங்கள். உங்கள் தலையங்கத்திலிருந்தே தமிழ்ப் பத்தியை எடுக்கலாம். இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: தொனி என்ன, எந்தச் சொல்லில் தெரிகிறது? தமிழுக்கு முதலில் விடை எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு மூன்று விடைகள் கொடுங்கள். மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து வரட்டும். அடுத்த வாரம் விடையை வெளியிடும்போது, சரியான சொல்லோடு நிறுத்தாமல் மற்ற இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொரு வரி சேருங்கள். பென்னாகரத்திலோ தளியிலோ தனிவகுப்புக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கும், பள்ளி நூலகத்துக்கு வரும் உங்கள் நாளிதழ் எட்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.